தெளிந்த தண்ணீரில் ஸ்பின்னர்பெய்ட் (தகடு சுழலும் செயற்கை இரை) போட்டு பாஸ் மீன் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் மிச்சிகனுக்கும் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் நடுவே இருக்கும் செயின்ட் கிளேர் ஏரி, சராசரியாக மூன்று மீட்டர் சொச்சம் ஆழம்தான். 1988-இல் இங்கே ஜீப்ரா மஸல் என்ற சிப்பி தென்பட்டது. தண்ணீரை வடிகட்டித் தின்னும் அது பெருகப் பெருக, ஏரி தெளிந்துவிட்டது. இங்குள்ள ஸ்மால்மவுத் பாஸ் இரையைத் தூரத்திலேயே பார்த்துவிடும், தூண்டிலையும்தான். அதனால் உற்றுப் பார்க்க அதற்கு நேரமே தரக்கூடாது. வித்தை அவ்வளவுதான்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

காற்றடித்து நீர்ப்பரப்பு சலசலக்கும் நாள்தான் நல்ல நாள். அலை பார்வையைக் குலைக்கும். அசையாத தண்ணீர், சுள்ளென்ற வெயில் என்றால் ஸ்பின்னர்பெய்ட் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஏரியின் நடுவே நாட்டு எல்லை ஓடுகிறது. எந்தப் பக்கம் பிடிக்கிறீர்களோ, அந்தப் பக்கத்து உரிமமும் பருவ விதிகளும் பொருந்தும்.

2. ஸ்பின்னர்பெய்ட்

வளைந்த கம்பியின் கீழ்க்கையில் ஈயத்தலை, முள், ரப்பர் குஞ்சம். மேல்கையில் சுழலும் தகடுகள். கலங்கல் தண்ணீருக்கு, அதிர்வு அதிகம் தரும் வட்டமான கொலராடோ தகடு. நமக்கு வேண்டியது ஒல்லியான வில்லோ தகடு இரண்டு, வெள்ளி நிறத்தில். அதிர்வு குறைவு, மினுக்கல் அதிகம். குஞ்சம் வெள்ளையாகவோ, பொடிமீன் போல அரைகுறையாக ஒளி ஊடுருவுவதாகவோ இருக்கட்டும். எடை அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம்.

3. ராட், ரீல், நரம்பு

ஏழடி ராட் (தூண்டில் கோல்), 7:1 வேகத்தில், அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை ஏழு சுற்று சுற்றும் பெய்ட்காஸ்டிங் ரீல் (ராடின் மேல் உட்காரும் நரம்பு உருளை), 15 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நரம்பு. இதற்குமேல் செலவு வேண்டாம்.

4. வீசி இழுப்பது

படகின் நிழலே மீனை விரட்டிவிடும் என்பதால், காற்றோடு சேர்த்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசுங்கள். தண்ணீரில் விழுந்ததுமே சுற்றத் தொடங்குங்கள், மூழ்க விடாதீர்கள். பாசிக்கு மேலே, பரப்புக்கு ஓரடி கீழே அது ஓட வேண்டும். தகடு வெளியே வந்து தண்ணீரைக் கிழித்தால் முக்கால் அவுன்ஸுக்கு மாறுங்கள். வேகத்தைக் குறைப்பதைவிட அது மேல்.

மீன் பின்னாலேயே வருகிறது, ஆனால் கடிக்கவில்லை. இதைக் கண்ணால் பார்க்கும்போது கை தானாக மெதுவாகும். கூடாது! இன்னும் வேகமாகச் சுற்றுங்கள். அல்லது கைப்பிடியை அரை நொடி நிறுத்தி, சட்டென்று மறுபடி இழுங்கள். தகடு தடுமாறும், குஞ்சம் விரியும். பல மீன்கள் அந்த நொடியில்தான் பாயும்.

பாய்வதைப் பார்த்ததும் ராடை வெடுக்கென்று தூக்காதீர்கள். கையில் கனம் தெரியட்டும், அப்புறம் இழுக்கலாம். மீன் குஞ்சத்தின் நுனியை மட்டும் கொத்திவிட்டுத் தப்பித்துக்கொண்டே இருந்தால், முள்ளில் இன்னொரு முள்ளை மாட்டுங்கள்.

வேகமாக இழுக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறதா? முன்னாலிருந்து பாருங்கள், மேல்கையும் முள்ளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மீன் கடித்தாலே கம்பி கோணும் என்பதால், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் நிமிர்த்திவிட்டு வீசுங்கள்.