ஆடுகிற படகில் பாரம் ஏற்றுவதற்கு முன்

மீன்பிடிக்கிற சிறிய இழுவைப் படகு அதிகமாக ஆடினால், பலரும் முதலில் யோசிப்பது அடியில் நாலு இரும்புக் கட்டியோ கான்கிரீட்டோ போடலாமா என்றுதான். படகு எப்படி ஆடுகிறது என்று பார்க்காமலே பாரம் ஏற்றுவதுதான் பெரிய தவறு.

பக்கவாட்டு ஆட்டம் இரண்டு விதம். ஒன்று, சட்டென்று வெட்டித் திரும்புவது. இதில் நிற்கவே முடியாது, இடுப்பு ஒடியும்; ஆனால் படகுக்கு நிமிரும் பலம் நிறையவே இருக்கிறது. அடியில் இன்னும் பாரம் போட்டால் வெட்டு கூடத்தான் செய்யும். மற்றது, மெதுவாகச் சாய்ந்து, கொஞ்சம் தயங்கி நிமிர்வது. உடம்புக்குச் சுகமாக இருக்கும். ஆனால் ஆபத்து இதில்தான் இருக்கிறது, அடிப்பாரம் உதவுவதும் இதற்குத்தான்.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். அலையில்லாத துறைமுகத்தில் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, ஆட்களை இரு பக்கமும் மாறி மாறி நகரச் சொல்லிப் படகை ஆட விடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், திரும்பி வந்தால் ஒரு ஆட்டம். நாலைந்து ஆட்டத்தின் நேரத்தைச் சராசரி பாருங்கள். படகின் அகலம் 5 மீட்டர் என்றால் ஒரு ஆட்டம் 5 விநாடிக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் எச்சரிக்கை. 3 விநாடிதான் ஆகிறது என்றால் அடியில் பாரம் தேவையே இல்லை. அந்தப் படகுக்கு வேண்டியது ஆட்டத்தைத் தண்ணீரே தடுக்கிற ஏற்பாடு: அடிவளைவில் இருபுறமும் நீளவாக்கில் பொருத்தும் பட்டைகள், அதாவது பில்ஜ் கீல்.

முன்பின் ஆட்டத்துக்காக அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், பாரம் வைப்பதும் பலர் செய்கிற வேலை. முனையில் கனம் சேர்ந்தால் அணியம் அலையோடு எழாமல் குத்தும், தளத்தில் தண்ணீர் ஏறும். நங்கூரச் சங்கிலி, உதிரி வலை போன்ற கனமான சாமான்களை முனைகளிலிருந்து நடுப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

பாரத்துக்குப் பதில் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறவர்கள் பாதியோடு நிறுத்தவே கூடாது. அரைத்தொட்டித் தண்ணீர் படகு சாயும் பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும். தொட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் இந்தக் கெடுதல் நாலில் ஒன்றாகிவிடும்.

இரும்போ கான்கிரீட் கட்டியோ, அசையாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். பெரிய சாய்வில் ஒரு கட்டி நழுவினாலும் படகு நிமிராமல் போகலாம். கான்கிரீட்டை அடியில் நேரடியாக ஊற்றாதீர்கள். அதன்கீழ் தேங்கும் ஈரத்தில் மரம் மக்கும், எஃகுத் தகடு துருப்பிடிக்கும், வெளியில் எதுவும் தெரியாது. தனித்தனிக் கட்டிகளாக வார்த்து, தண்ணீர் ஓடும் வழியை விட்டு வையுங்கள்.

அப்புறம், பாரம் படகை அமிழ்த்தும். 14 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள படகில் 2 டன் ஏற்றினால் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இறங்கும். மீனும் ஐஸும் நிறைந்து திரும்பும்போது தளத்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்று, படகு வடிவமைக்கத் தெரிந்தவரிடம் கணக்குப் போட்டுக்கொண்டு ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு அதே ஆட்டச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்: டீசலும் ஐஸும் நிறைந்திருக்கும்போது ஒன்று, டீசல் தீரும் நிலையில் இன்னொன்று.