ஸ்கோவுர்: காலணிச் சொற்கள் வழியே ஐஸ்லாந்திய மொழிக்கு ஒரு வாசல்

ஐஸ்லாந்தில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும். நமக்கு இது புதிதன்று. ஆனால் மொழி கற்கத் தொடங்குபவருக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. அந்நாட்டில் உங்களுக்கு முதலில் தேவைப்படும் வாக்கியங்களில் ஒன்று காலணியைப் பற்றியதாகவே இருக்கும். ஆகவே வணக்கம், நன்றிக்கு அடுத்தபடியாகக் காலணிச் சொற்களைக் கற்கலாம் என்பேன்.

ஐம்பது சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு சொல்லை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதன் பின்னால் வரிசையாக வரும். நமக்குத் தெரிந்த ஆங்கிலமும் இதில் கைகொடுக்கும்.

முதல் படி: வேர்ச்சொல்லும் அதன் ஒலியும்

ஆங்கிலத்தில் ஷூ, ஐஸ்லாந்திய மொழியில் ஸ்கோவுர். இரண்டும் ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து பிறந்தவை. ரோமன் எழுத்தில் இதை எழுதும்போது ஓ மீது ஒரு சிறு சாய்கோடு இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள், கோடு போட்டால் அது வேறு எழுத்து, ஒலியும் வேறு. ‘ஓ’வில் தொடங்கி ‘உ’வில் முடியும் ஒலி அது.

எந்தச் சொல்லானாலும் முதல் அசையை அழுத்திச் சொல்லுங்கள். இந்த விதிக்கு விலக்கு மிகக் குறைவு என்பதால் தொடக்கத்திலேயே பழகிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: காலணியின் உறுப்புகள்

ஆங்கிலம் தெரிந்தவருக்கு இந்தப் படி எளிது. குதிகால் ஆங்கிலத்தில் ஹீல், அங்கே ஹைட்ல். எழுதும்போது இரண்டு எல் இருக்கும், சொல்லும்போது ‘ட்ல்’ என்று நாக்கு தட்டும். அடிப்பாகம் ஸோல், அங்கே ஸோவ்லி. கால்விரல் டோ, அங்கே தாவ். உறவு முறியும் இடம் ஷூ லேஸ்தான்: அதற்கு ஸ்கோவ்ரெய்ம், பன்மையில் ஸ்கோவ்ரெய்மர். ரெய்ம் என்றால் வார்.

ஹைட்ல், தாவ் இரண்டையும் மறக்காமலிருக்க ஒரு கதை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தியரான ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய ‘எட்டா’ என்ற புராணக்கதை நூலில் வீதார் என்ற தெய்வத்துக்குத் தடித்த காலணி ஒன்று உண்டு. உலகம் அழியும் நாளில் அந்தக் காலணி அணிந்த காலை ஃபென்ரிர் என்ற ஓநாயின் கீழ்த்தாடையில் ஊன்றி, அதன் வாயை அவர் கிழிப்பார். அந்தக் காலணிக்குத் தோல் எங்கிருந்து வந்தது? மனிதர்கள் தங்கள் காலணி தைக்கும்போது விரல் பக்கமும் குதிகால் பக்கமும் வெட்டி எறியும் துண்டுகளிலிருந்து. தெய்வங்களுக்கு உதவ நினைப்பவர் அந்தத் துண்டுகளை எறிந்துவிட வேண்டும் என்கிறார் ஸ்னோரி. காலணி தைப்பவரின் கையில் மிஞ்சும் துணுக்குகூட உலகத்தின் கடைசிப் போருக்குப் போய்ச் சேர்கிறது! எனக்கு அந்த இரண்டு சொற்களும் இந்தக் கதையோடுதான் மனத்தில் பதிந்தன.

மூன்றாம் படி: முன்னால் ஒரு சொல்லைக் கோத்தல்

ஐஸ்லாந்திய மொழியின் அழகு இங்கேதான் தெரிகிறது. ஆங்கிலத்தில் ஸ்லிப்பர், ஸ்னீக்கர், பம்ப் என்று ஒவ்வொரு வகைக்கும் தனிப்பெயர் கற்க வேண்டும். ஐஸ்லாந்தியர்கள் பெரும்பாலும் ஸ்கோவுர் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் ஒரு சொல்லை ஒட்டுவார்கள். நாம் மரச்செருப்பு, தோல்செருப்பு என்று சொல்வதில்லையா, அதே முறை.

இன்னி என்றால் உள்ளே. வீட்டுக்குள் போடும் ஸ்லிப்பர்ஸ் இன்னிஸ்கோவுர். ஸ்ட்ரிகி என்றால் கித்தான் துணி. ஸ்னீக்கர்ஸ் ஸ்ட்ரிகஸ்கோவுர், இன்று எந்தப் பொருளில் செய்திருந்தாலும் பெயர் கித்தானிலேயே நிற்கிறது. மலையேற்றத்துக்கான ஹைக்கிங் ஷூஸ் கொய்ங்குஸ்கோவுர், நடைக்காலணி என்று பொருள். ஓட்டத்துக்கான ரன்னிங் ஷூஸ் ஹ்லொய்ப்பஸ்கோவுர். இந்த ‘ஒய்’ ஒலிக்கு ஒரு வழி சொல்கிறேன்: ‘எ’ என்று சொல்லிக்கொண்டே உதடுகளை ‘உ’வுக்குக் குவிப்பதுபோல் குவியுங்கள், பிறகு ‘ய்’ சேருங்கள். குதி உயர்ந்த ஹை ஹீல்ஸ் ஹைலஸ்கோவுர்.

இதே முறையில் பழைய காலணிகளின் பெயர்களையும் பிரிக்கலாம். ஸொய்த்ஸ்கின்ஸ்ஸ்கோவுர் என்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஸொய்துர் ஆடு, அதாவது செம்மறி, ஸ்கின் தோல். ஆங்கிலத்தின் ஸ்கின்னே ஐஸ்லாந்திய மொழியின் மூதாதையான பழைய நார்ஸ் மொழியிலிருந்து இரவல் வாங்கியதுதான். நூற்றாண்டுகளாக ஐஸ்லாந்துக் கிராமத்தார் அணிந்தவை இந்த ஆட்டுத்தோல் காலணிகள். உள்ளே ஈலெப்பர் என்ற பின்னல் விரிப்பை வைப்பார்கள். அவற்றில் எட்டிதழ் ரோஜா வடிவம் பின்னியிருப்பார்கள். காலுக்கு அடியில் கிடந்து யார் கண்ணிலும் படாத இடத்தில் அவ்வளவு வேலைப்பாடு.

ரோத் என்றால் மீனின் தோல் மட்டும். விலங்கின் தோலுக்கு ஸ்கின். மீன்தோலால் செய்தவை ரோத்ஸ்கோவுர். ஸ்டெய்ன்பீத்துர், அதாவது கல்கடிப்பான் என்று பெயர்கொண்ட மீனின் தோலை இதற்குப் பயன்படுத்தினார்கள். அது விரைவில் தேய்ந்துவிடும். அதனால் ஒரு மலைவழியைக் கடக்க எத்தனை இணை மீன்தோல் காலணிகள் தேயும் என்று தூரத்தைச் சொல்லும் வழக்கமும் இருந்தது.

பூட்ஸ் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது ஸ்டீக்வியெல். பார்ப்பதற்கு ஸ்டீக என்ற ‘அடியெடுத்து வை’யும், வியெல் என்ற ‘இயந்திர’மும் சேர்ந்ததுபோல் இருக்கும். உண்மையில் ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பிலிருந்து வந்த சொல்தான், உள்ளூர் உடை அணிந்து நிற்கிறது. ரப்பர் பூட்ஸ் கும்மிஸ்டீக்வியெல். குளிர்காலத்தில் உறைந்த தெருவில் நடக்க, காலணிக்கு அடியில் மாட்டும் முட்களுக்கு மன்ப்ரொத்தர் என்று பெயர். ப்ரொத்தர் என்றால் முட்கள்.

பின்னால் ஒட்டுவதும் உண்டு. கடை ஸ்கோவ்பூத். ஷூஹார்ன் அப்படியே ஸ்கோவ்ஹோர்ட்ன். காலணி தைப்பவரை ஆங்கிலம் காப்ளர் என்கிறது, ஐஸ்லாந்து ஸ்கோவ்ஸ்மிதுர் என்கிறது. ஸ்மிதுர் என்பது தச்சருக்கும் பொற்கொல்லருக்கும் வரும் அதே ஈறு. ஒரு தொழிலாளியை அவருக்குரிய மதிப்போடு அழைக்கும் பெயர் என்று நினைக்கிறேன்.

நான்காம் படி: வாசலில் பேசுதல்

இங்கே வேற்றுமை வருகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறும் இடம் இது, தமிழர் திணற வேண்டியதில்லை. ‘செருப்பை’, ‘செருப்பிலிருந்து’ என்று பெயரின் வாலை மாற்றிப் பழகியவர்கள் நாம்.

அணிவதை அவர்கள் ‘காலணிக்குள் போவது’ என்பார்கள்: ஃபரா ஈ ஸ்கோவ்னா. கழற்றுவது ‘காலணியிலிருந்து போவது’: ஃபரா ஊர் ஸ்கோவ்னும். ஈ என்றால் உள்ளே, ஊர் என்றால் வெளியே. ஊரைவிட்டு வெளியே போவதாக நினைத்துக்கொண்டால் இரண்டாவது மறக்காது. ஈறு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்: உள்ளே போகும்போது ‘னா’, வெளியே வரும்போது ‘னும்’. ஆங்கிலத்தின் ‘தி’ பெயருக்கு முன் நிற்கும். இங்கே அது பெயரின் வாலிலேயே ஒட்டியிருக்கிறது.

விருந்தினராகப் போனால் கேட்க வேண்டியது: அவ் யெக் அத் ஃபரா ஊர் ஸ்கோவ்னும்? காலணியைக் கழற்றட்டுமா என்று பொருள். திரும்பும்போது வாசலில் நிறைய இணைகள் குவிந்திருந்தால்: க்வர் எரு ஸ்கோவுர்ட்னிர் மீனிர்? என் காலணிகள் எங்கே?

ஐந்தாம் படி: எண்ணுதல்

ஸ்கோவுர் என்பதே ஒருமை, அதுவே பன்மையும். அப்படியானால் கடையில் என்ன செய்வது? த்வெய்ர் ஸ்கோவுர் என்றால் இரண்டு காலணி, அதாவது ஒரே இணையாகவும் இருக்கலாம். இரண்டு இணை வேண்டுமென்றால் த்வென்னிர் ஸ்கோவுர் என்று சொல்ல வேண்டும். இணையாக வரும் பொருள்களுக்கென்றே தனி எண்கள் உண்டு: எய்னிர், த்வென்னிர், த்ரென்னிர், ஃபெர்ட்னிர், அதாவது ஒன்று முதல் நான்கு இணை வரை. இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அவசரத்தில் தவறு நேரும் இடம் இதுதான்.

ஆறாம் படி: பேச்சில் கலத்தல்

நமக்குச் செருப்பு கடிக்கும். ஆங்கிலேயருக்கும் ஐஸ்லாந்தியருக்கும் அது நெருக்கும். ஒருவருக்கு உண்மையான தொல்லை எங்கே என்று தெரிந்திருப்பதை ‘காலணி எங்கே நெருக்குகிறது என்று அறிவது’ என்று இரு மொழியும் சொல்கின்றன. ஐஸ்லாந்திய வடிவம்: வித்தா க்வர் ஸ்கோவ்ரின் க்ரெஹ்ப்பிர்.

டிசம்பரில் அங்கே இருக்க நேர்ந்தால் இன்னொரு தொடரும் காதில் விழும். டிசம்பர் 12 முதல் 24 வரை யோவ்லஸ்வெய்னர் எனப்படும் 13 பேர் நாளுக்கு ஒருவராக மலையிலிருந்து இறங்கி வருவதாக நம்பிக்கை. குழந்தைகள் இரவில் சன்னலில் ஒற்றைக் காலணியை வைத்துவிட்டுத் தூங்குவார்கள். காலையில் அதில் சிறு பரிசு இருக்கும், குறும்பு செய்தவருக்கு உருளைக்கிழங்கு. இதற்குப் பெயர் ஃபௌ ஈ ஸ்கோவின், காலணிக்குள் பெறுதல். அந்த நாள்களில் ஒரு குழந்தையைச் சந்தித்தால், ‘ஃபெக்ஸ்து எய்த்க்வத் ஈ ஸ்கோவின்?’ என்று கேட்டுப் பாருங்கள். காலணியில் ஏதாவது கிடைத்ததா என்ற அந்தக் கேள்விக்குப் பதில் நீளமாகவே வரும். எல்லாம் புரியாவிட்டாலும் ஸ்கோவுர் எந்தெந்த ஈற்றோடு வருகிறது என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.