வினாத்தாளையும் அளந்து பார்க்க வேண்டும்: ஃபிட்டர் வகுப்புக்குக் கொள்குறி வினா

திருவொற்றியூரில் ஃபிட்டர் தொழிற்பிரிவு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். போன பருவத் தேர்வில் ஒரு வினா என்னைத் திணறடித்தது. அதைச் சரிசெய்த வழி இது.

1. தாளில் கேட்கத் தகுந்ததை மட்டும் கேளுங்கள். அரத்தால் ராவத் தெரியுமா என்பதை, உலோகத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் முன்னால் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

2. தவறான விடைகளை மாணவர் நோட்டிலிருந்து எடுங்கள். மீச்சிற்றளவு (கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. உள்ள வெர்னியர் அளவியில் முதன்மை அளவு 32, பொருந்தும் கோடு 12 என்றால் விடை 32.24. 0.01 என்று எண்ணுபவர் 32.12 எழுதுவார், 0.05 என்று எண்ணுபவர் 32.60, 0.1 என்று எண்ணுபவர் 33.20. இந்த மூன்றையும் வைத்தால், யார் எங்கே பிசகினார் என்று விடையே சொல்லிவிடும். ‘மேற்கண்ட அனைத்தும்’ வேண்டவே வேண்டாம்.

3. திருத்திய பிறகு வினாவை எடைபோடுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். நானும் பல வருடம் விட்டிருந்தேன். மொத்த மதிப்பெண்படி தாள்களை அடுக்கி, மேலே 27%, கீழே 27% எடுங்கள். அமெரிக்க உளவியலாளர் ட்ரூமன் கெல்லி 1939இல் பரிந்துரைத்த அளவு இது. என்னிடம் 40 பேர்; ஆகவே பதினொருவர், பதினொருவர். மேல் குழுவில் சரியாக எழுதியவர்களிலிருந்து கீழ் குழுவில் சரியாக எழுதியவர்களைக் கழித்து 11ஆல் வகுக்க வேண்டும். நன்றாகப் படிப்பவரையும் தடுமாறுபவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதே இந்த மதிப்பு. 0.4க்கு மேல் வந்தால் நல்ல வினா. 0.2க்குக் கீழே என்றால் திருத்த வேண்டும்.

‘துளையிடும் முன் என்ன செய்ய வேண்டும்?’ என்ற வினாவுக்கு மேலே 4, கீழே 7. மதிப்பு மைனஸ் 0.27! நான் குறித்திருந்த விடை, சென்டர் பஞ்ச் அடித்தல்; அதாவது, கூர்முனைக் கருவியால் புள்ளியில் சிறு குழி போடுதல். தாள்களை மீண்டும் புரட்டினேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் ‘பாதுகாப்புக் கண்ணாடி அணிதல்’ என்று எழுதியிருந்தார்கள். தினமும் காலையில் நான் சொல்லிக்கொடுத்ததை நம்பி எழுதியதற்கு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். அன்றே அத்தனை பேருக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

வினாவை இப்படி மாற்றினேன்: ‘டிரில் முனை குறித்த புள்ளியை விட்டு வழுக்காமலிருக்க, அந்தப் புள்ளியில் முதலில் என்ன செய்ய வேண்டும்?’ அடுத்த அணியிலும் 40 பேர். மேலே 10, கீழே 5. மதிப்பு 0.45.

கணக்குக்குக் கணினி தேவையில்லை. கட்டம் போட்ட நோட்டே எனக்குப் பிடித்தது: வரிசைக்கு ஒரு மாணவர், பத்திக்கு ஒரு வினா. எந்த வினாவில் எல்லோரும் சறுக்கினார்கள் என்பது கண்ணில் படும்.

பின்சேர்க்கை: எண்ணூரில் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், “என் வகுப்பில் 14 பேர்தான் சார், 27% எடுத்தால் நான்கு பேர்தானே?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நால்வரில் ஒருவர் விடை மாறினாலே மதிப்பு 0.25 நகர்ந்துவிடும். சிறிய வகுப்பைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், சார். அப்போதும் எண்ணை மட்டும் நம்பாமல், முதல் மூன்று பேர் தவறவிட்ட வினாக்களை எடுத்து, அந்த விடையை ஏன் எழுதினார்கள் என்று அவர்களையே கேளுங்கள்.