யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் பச்சைத் தத்துப்பூச்சியைத் தேடுங்கள்

கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல், நட்டு மூன்று வாரம் கழிந்ததும் வயலில் திட்டுத் திட்டாக மஞ்சள் விழுந்தால், நம்ம நாஞ்சில் நாட்டில் முதல் கை யூரியா மூட்டைக்குத்தான் போகும். நானும் அப்படிப் போட்டவன்தான், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பயிர் குட்டையாகவே நின்றது, இலை நுனியிலிருந்து ஆரஞ்சு நிறமாகிக்கொண்டே வந்தது, அறுவடையில் கிடைத்ததில் பாதி பதர். உரக்கடையில் கேட்டால் இன்னொரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். அது சத்துக் குறைவே இல்லை, துங்ரோ என்ற வைரஸ் நோய். அதைச் சுமந்து வருவது பச்சைத் தத்துப்பூச்சி. யூரியா கூடினால் இளம்பச்சையாகத் தழைக்கும் பயிரைத்தான் அந்தப் பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும்.

பூச்சியை அடையாளம் காண்பது லேசு. நெல்மணியை விடச் சிறிசு, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்தான் இருக்கும். நல்ல பச்சை, ஆணுக்கு இறகு நுனி கறுப்பு. இலையைத் தொட்டால் நேராக ஓடாது, சாய்வாக, பக்கவாட்டில் நகர்ந்து இலைக்கு அந்தப் பக்கம் ஒளியும், இல்லையென்றால் தத்தும். புகையானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பழுப்பு நிறம், தண்ணீரை ஒட்டித் தூரில் இருக்கும், இது மேலே இலையில் இருக்கும். காலையில் வயலில் குறுக்காக நடந்து இருபது மூடாவது பாருங்கள் (ஒரு குத்தாக நிற்கும் நெற்பயிரைத்தான் மூடு என்கிறோம்). துங்ரோ வந்து பழகிய ஏலாவில் (வயல்வெளியில்) மூடு ஒன்றுக்கு இரண்டு பூச்சி இருந்தாலே சும்மா இருக்கக் கூடாது. நோய் இல்லாத இடத்தில் அதே இரண்டு பூச்சியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, அது சாறு உறிஞ்சுவதால் மட்டும் பெரிய நட்டம் வராது.

சரி, மஞ்சள் துங்ரோதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலை ஆறு மணிக்கு முன்னால், வெயில் வருவதற்குள், சந்தேகமான இலையின் நுனியைப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி எடுங்கள். 100 மில்லி தண்ணீரில் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 2 கிராம் அயோடின் கரைத்து (வெறும் தண்ணீரில் அயோடின் கரையாது, அதற்குத்தான் மற்றது), வெட்டிய முனையை அதில் கால் மணி நேரம் முக்கி வையுங்கள். அப்புறம் கழுவி, இரண்டு விரலுக்கிடையில் வைத்துப் பிழிந்தால் கருநீலக் கோடுகள் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் துங்ரோ. நல்ல இலை பகலில் செய்த மாவுச்சத்தை ராத்திரியில் கீழே இறக்கிவிடும், நோய்ப்பட்ட இலையில் அது தேங்கிக் கிடந்து அயோடினில் கருநீலமாகும். அதனால்தான் விடியற்காலை என்று நேரம் சொல்கிறேன், பத்து மணிக்கு எடுத்தால் எல்லா இலையும் ஏமாற்றும். நல்ல பயிரில் ஒரு இலையையும் கூடவே முக்கி ஒப்பிடுங்கள். கையில் கறை பிடித்தால் லேசில் போகாது. இந்த வேலைக்கு ஆகாது என்பவர்கள் இலையோடு திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேட்கலாம்.

நோய் பிடித்த மூடுகளைக் குணமாக்க மருந்து கிடையாது. பரவாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். நாலைந்து மூடுதான் என்றால் பிடுங்கிப் புதையுங்கள். பூச்சிக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் வரப்புப் புல்லையும் விடாதீர்கள், பூச்சி அங்கேயும் பதுங்கும். ஆனால் தேவையில்லாமல் அடித்தால் பூச்சியைத் தின்னும் சிலந்தியும் ஊசித்தட்டானும்தான் முதலில் சாகும்.

அடுத்த பூவுக்கு (போகத்துக்கு) நாற்றங்காலிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். இருபது சென்ட் நாற்றங்காலுக்கு 12.5 கிலோ வேப்பம் புண்ணாக்கு அடியுரம். ஒரு ஏக்கர் நடுபவருக்கு எட்டு சென்ட் போதும், அதற்கு 5 கிலோ. ரோட்டு விளக்குக்குப் பக்கத்தில் நாற்றுப் பாவாதீர்கள், வெளிச்சத்துக்கு இந்தப் பூச்சி கூட்டமாக வரும். அதுபோல கன்னிப்பூ (முதல் போகம்) அறுத்த தாள் மறுபடி தழைக்க விட்டால் நோயும் பூச்சியும் அதிலேயே தங்கிக் கும்பப்பூவுக்கு வந்துவிடும், அறுத்த கையோடு உழுதுவிடுங்கள். பக்கத்து வயல்காரரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவர் தாளை அப்படியே விட்டால் உங்கள் உழவு வீண்.