பழைய தூண்டில் படகு வாங்கப் போகிறீர்களா? சுத்தியலோடு போங்கள்

காசிமேட்டில் இருபது வருஷமாக ஃபைபர் படகு ரிப்பேர் செய்கிறேன். ஆழ்கடலில் வஞ்சிரமும் சூரையும் தூண்டிலில் பிடிக்க ஆசைப்பட்டு, பழைய மோட்டார் படகு தேடி வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கூப்பிடுங்கள்.

பெர்ட்ராம் 31 மாதிரியான பழைய படகுகள் மேல் எனக்கும் தீராத மோகம் உண்டு. 1960-ல் மயாமி - நசாவு படகுப் பந்தயத்தில் ஜெயித்த 'மோப்பி' என்ற படகின் வழியில் வந்தது அது. அடிப்பக்கம் ஆழமான 'வி' வடிவம். அலையை அறையாது, கிழித்துக்கொண்டு போகும். ஆனால் மோகத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் படகு பார்க்கப் போக வேண்டும்.

நேராகப் பின்பலகைக்குப் போங்கள். ஃபைபர் மக்காது, சரி. அதற்குள் வைத்து மூடிய பிளைவுட் மக்கும். சின்னச் சுத்தியலால் சாணுக்கு ஒரு தட்டு தட்டுங்கள். 'டங் டங்' என்று வந்த சத்தம் 'தொப்'பென்று மாறும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மூன்று வருஷம் முன்பு, புது பெயின்ட்டில் பளபளத்த 28 அடிப் படகு ஒன்றில் இப்படி வட்டம் போட்டு, அங்கிருந்த ஒரு போல்ட்டைக் கழற்றினேன். டீ நிறத்தில் தண்ணீர் சொட்டியது. விரலை விட்டால் உள்ளே மரம், நனைந்த ரஸ்க் மாதிரி. வாங்க வந்த தம்பி ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆயில் பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் நம்பரும் பதிவுச் சான்றில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

கரையேற்றிப் பார்ப்பதை மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் ரிப்பேருக்கு நிற்கும். இடமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது.

கடலில் ஓட்டிப் பார்க்கக் காலை அமைதி வேண்டாம். மதியம் கடல்காற்று எழுந்த பிறகு போங்கள். புறப்படும் முன் அடித்தளத்தைத் துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். திரும்பியதும் டார்ச் அடித்துப் பார்த்தால் புது ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் சொட்டுச் சொட்டாக வந்தால், தண்ணீர் புகாமல் அதைச் சுற்றி அடைத்திருக்கும் பேக்கிங்கைச் சரிசெய்துகொள்ளலாம். ஃபைபர் விரிசலில் கசிந்தால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.