ஹுத்தான் சிம்பானை (காப்புக்காட்டை) நீக்க அறிவிப்பு வந்தால்: 30 நாளில் ஆட்சேபம் எழுதும் முறை

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள பெரிய காடுகள் பெரும்பாலும் சிலாங்கூர் மாநிலத்துக்குச் சொந்தமானவை. அம்பாங், உலு கோம்பாக், உலு லங்காட், கோல லங்காட், புக்கிட் செராக்கா எல்லாமே அப்படித்தான். கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அதிகாரத்தில் வருகின்றன. அதனால் புத்ராஜெயாவுக்கு (கூட்டரசுக்கு) எழுதும் மனு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் முடிவெடுக்கும் மேசைக்குப் போய்ச் சேராது. கடிதம் போக வேண்டிய இடம் மாநில வன இலாகா. நகல் மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) அலுவலகத்துக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும்.

சிலாங்கூரில் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு ஹுத்தான் சிம்பானை (அரசு ஒதுக்கிய காப்புக்காட்டை) காப்பு நிலையிலிருந்து நீக்குவதற்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும். அறிவிப்பு நாளிதழில் வரும். ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள். இந்த 30 நாளில் முதல் இரண்டு வாரம் வாட்ஸ்அப் குழுக்களில் கோபப்படுவதிலேயே கரைந்துபோகிறது. கீழே சொல்லும் வரிசையில் செய்தால் 10 நாளில் நல்ல ஆட்சேபம் தயாராகிவிடும். மிச்ச நாள்களில் அக்கம்பக்கத்தாரைச் சேர்க்கலாம்.

முதல் நாள்: அறிவிப்பை முழுசாக வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை நம்பாதீர்கள். அதில் பெரும்பாலும் அடிவரி வெட்டுப்பட்டிருக்கும், முகவரியும் கடைசி நாளும் அங்கேதான் இருக்கும். நாளிதழையே வாங்குங்கள், அல்லது மாவட்ட நில அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் போய்ப் படம் எடுங்கள். எழுதி வைக்க வேண்டியவை: காப்புக்காட்டின் பெயர், கம்பார்ட்மெண்ட் (காட்டின் உட்பிரிவு) எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), பரப்பளவு, சொல்லப்பட்ட காரணம், கடைசி நாள், எந்த வடிவில் அனுப்பலாம் என்பது. கடைசி நாள் என்றால் கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டிய நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காடு" என்று நமக்குள் பேசிக்கொள்ளலாம். கடிதத்தில் கம்பார்ட்மெண்ட் எண் இல்லாவிட்டால் அந்த ஆட்சேபத்தை எந்த இடத்தோடும் பொருத்த முடியாது.

வரைபடம்: பலரும் தடுக்கி விழும் இடம்

இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

அறிவிப்போடு வரும் வரைபடம் ஸ்கேன் செய்த மங்கலான தாளாகத்தான் இருக்கும். அதை உண்மையான நிலத்தின் மேல் பொருத்த கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளே போதும். கூகுள் எர்த்தில் படத்தை இழுத்துப் பொருத்துவது சுலபம்தான். ஆனால் படத்தின் ஒரு மூலையைச் சரிசெய்தால் இன்னொரு மூலை நகர்ந்துவிடும், எவ்வளவு பிழை என்றும் தெரியாது. கியூஜிஐஎஸ்ஸில் உள்ள ஜியோரெஃபரன்சர் (படத்தை நிலத்தோடு பொருத்தும் கருவி) பிழையை எண்ணாகவே காட்டும். பழைய பதிப்புகளில் அது ராஸ்டர் மெனுவிலும், 3.26-க்குப் பிறகு லேயர் மெனுவிலும் இருக்கிறது.

தாளிலும் செயற்கைக்கோள் படத்திலும் ஒருசேரத் தெரியும் புள்ளிகளாகக் குறைந்தது ஆறு தேர்ந்தெடுங்கள். சாலைச் சந்திப்பு, பாலத்தின் முனை, மின்கோபுரம், நீர்த்தேக்கக் கரையின் கான்கிரீட் மூலை ஆகியவை நல்ல புள்ளிகள். ஆற்று வளைவு வேண்டாம், ஆறு இடம் மாறும். ஆறு புள்ளிகளும் ஒரே பக்கம் குவியாமல் நாலு மூலைக்கும் பரவியிருக்க வேண்டும். ஒரு புள்ளியின் பிழை மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு இருந்தால், அந்தப் புள்ளியைத் தவறாகக் குத்தியிருக்கிறீர்கள்; அதை அழித்துவிட்டு வேறொன்றை வையுங்கள்.

வரைபடத்தின் ஓரத்தில் ஆயத்தொலை எண்கள் அச்சாகியிருந்தால் வேலை சுருங்கும், ஆபத்து கூடும். நம் நாட்டு அளவைப் படங்கள் ஒரே முறையில் வருவதில்லை. எண்கள் கிழக்கே 410,000, வடக்கே 350,000 என்கிற அளவில் ஆறு இலக்கமாக இருந்தால் அது தீபகற்பம் முழுவதற்கும் பொதுவான ஆர்எஸ்ஓ முறை. எண்கள் ஐந்து இலக்கமாக, சில இடத்தில் மைனஸ் குறியோடு வந்தால் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் காசினி முறை. ஜிடிஎம்2000 என்ற புதிய நில அளவை அடிப்படையிலான ஆர்எஸ்ஓவுக்கு கியூஜிஐஎஸ்ஸில் இபிஎஸ்ஜி எண் (ஒவ்வொரு ஆயத்தொலை முறைக்கும் உள்ள அடையாள எண்) 3375, சிலாங்கூர் காசினிக்கு 3380, பினாங்குக்கு 3382. அதற்கு முந்தைய கெர்த்தாவ் அடிப்படையிலான ஆர்எஸ்ஓ என்றால் 3168.

கெர்த்தாவ் படத்தைப் புதிய முறை என்று எடுத்துக்கொண்டால் எல்லை முழுவதும் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். திரையில் பார்த்தால் தவறே தெரியாது. ஆனால் உங்கள் தாமானின் (குடியிருப்பின்) பின்வேலி காட்டுக்குள் போய்விடும், அல்லது ஓடை எல்லைக்கு வெளியே வந்துவிடும். விசாரணையில் ஓர் அதிகாரி அந்த ஒரு தவறைச் சுட்டிக்காட்டினால் மீதிக் கடிதமும் வலுவிழக்கும்.

பொருத்தி முடித்ததும் எல்லையைக் கோடாக வரைந்து பரப்பளவைக் கணக்கிடுங்கள். அறிவிப்பில் உள்ள ஹெக்டேர் எண்ணோடு அது நெருங்கிவர வேண்டும். ஏக்கரில் யோசிப்பவர்களுக்கு: ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் உங்கள் புள்ளிகளைச் சந்தேகியுங்கள். புள்ளிகள் சரியாக இருந்தும் வித்தியாசம் நீடித்தால் அதையே கடிதத்தில் கேள்வியாக வையுங்கள்: அறிவிப்பில் சொன்ன பரப்பும் இணைத்த வரைபடமும் ஏன் ஒத்துப்போகவில்லை?

சட்டம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்

1984 தேசிய வனச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி ஒரு காட்டை நீக்க மாநில அரசு இரண்டு விஷயத்தில் திருப்தியடைய வேண்டும். ஒன்று, எந்த நோக்கத்துக்காக அந்த நிலம் வகைப்படுத்தப்பட்டதோ அதற்கு இனி அது தேவையில்லை. இரண்டு, இப்போதைய பயன்பாட்டைவிட உயர்ந்த பொருளாதாரப் பயனுக்கு அது வேண்டும். வகைகள் 10-ஆம் பிரிவில் உள்ளன: மண் பாதுகாப்பு, வெள்ளக் கட்டுப்பாடு, நீர்ப்பிடிப்பு, வனவிலங்குச் சரணாலயம், கன்னிக்காடு, ஆராய்ச்சி, கல்வி என்று பல.

ஆகவே உங்கள் காட்டின் வகை என்ன என்பதை வன இலாகாவிடம் எழுத்தில் கேளுங்கள். நீர்ப்பிடிப்புக் காடு என்றால் உங்கள் கடிதத்தின் முதுகெலும்பு தண்ணீர்தான்; தண்ணீர் இன்னும் தேவைப்படுகிறது என்று காட்டினால் முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை என்றாகிறது. பறவை, குரங்கு, பட்டாம்பூச்சி எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். "மரம் நமக்கு உயிர்" என்று தொடங்கும் கடிதத்தில் உண்மை இருக்கிறது, சட்டம் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

மாதிரிக்கு ஒரு பத்தி, எண்களை உங்கள் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: "12-ஆம் கம்பார்ட்மெண்ட்டின் தென்கிழக்கில் தொடங்கும் ஓடை, இணைப்பு வரைபடத்தில் 'அ' எனக் குறித்த இடத்தில் எங்கள் குடியிருப்பின் வடிகாலில் சேர்கிறது. மேல்பகுதி காடாக இருப்பதால்தான் கனமழையிலும் வடிகால் நிரம்பி வழிவதில்லை. வெள்ளக் கட்டுப்பாட்டுக் காடு என்ற நோக்கம் இன்றும் தேவைப்படுகிறது என்பதால் 11-ஆம் பிரிவின் முதல் நிபந்தனை பூர்த்தியாகவில்லை."

சாலைத் திட்டம் என்றால் ஒரு கணக்கு சேருங்கள். 10 கிலோமீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் என்றால் காகிதத்தில் போவது 60 ஹெக்டேர். வெட்டிய ஓரத்தில் காற்றும் வெயிலும் நுழைந்து மண் உலரும், ஓர மரங்கள் சாயும், வேட்டைக்காரர்களுக்கு வழி திறக்கும். இரு பக்கமும் 100 மீட்டர் மட்டும் கெடுகிறது என்று வைத்தாலும் அது இன்னொரு 200 ஹெக்டேர். சாலை இல்லாத காட்டின் மதிப்பே அதன் நடுப்பகுதி ஓரத்திலிருந்து தூரமாக இருப்பதுதான். கிழக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலைக்காக அம்பாங் காப்புக்காட்டில் 106.65 ஹெக்டேர் நீக்கப்பட்டது. அந்த எண்ணில் ஓரச் சேதம் அடங்காது.

காம்புட் நிலமாக இருந்தால் (மக்காத இலையும் வேரும் நீரில் ஊறி அடுக்கடுக்காகப் படிந்த கருமண்) ஒரு வடிகால் வெட்டினாலே போதும், நீர்மட்டம் இறங்கி வெட்டாத பக்கமும் காய்ந்து, தரை தாழ்ந்து, தீப்பிடிக்கும். நீக்கும் பரப்பு சிறியது என்ற வாதம் காம்புட்டில் எடுபடவே கூடாது.

மாற்று நிலம் தருகிறோம் என்பார்கள். அது எங்கே, ஒரே துண்டா சிதறிய துண்டுகளா, அதே வகைக் காடா என்று கேளுங்கள். சதுப்புக்காட்டுக்கு மலைக்காடு ஈடாகாது.

காட்டுக்குள் போய்ச் சான்று சேர்ப்பது

காப்புக்காட்டுக்குள் நுழைய வன இலாகாவின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் எடுத்த படத்தை வைத்து உங்களையே குற்றவாளி ஆக்கலாம். படங்களில் ஜிபிஎஸ் பதிவாகட்டும். வாட்ஸ்அப் வழியே அனுப்பினால் அந்த விவரம் அழிந்துவிடும், மூலக் கோப்பாகவே வாங்குங்கள்.

உயிரினப் பதிவுக்கு ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம் நல்லது. ஆனால் அகில் மரம், எறும்புத்தின்னி, ஆர்க்கிட் போன்றவற்றின் இடத்தைக் கட்டாயம் மறைத்துப் பதியுங்கள். திருடர்களும் அதே பக்கத்தைப் பார்க்கிறார்கள். காட்டருகே பூர்வகுடிக் கம்பம் (கிராமம்) இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். அவர்கள் சார்பில் நாம் எழுதக் கூடாது, அவர்கள் எழுதுவதற்கு வரைபடமும் ஜெராக்ஸும் நாம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

எழுதி அனுப்புதல்

கடிதம் மலாயில். ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு, கூடவே வரைபடம். பெயர், ஐசி எண், முகவரி, கையெழுத்து, விசாரணைக்கு நேரில் வருவேன் என்ற வரி. தமிழ் மட்டும் படிக்கும் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்குமுன் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். விசாரணையில் "இதில் என்ன எழுதியிருக்கிறது" என்று கேட்டால் அந்த அம்மா பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் நகலெடுத்து அனுப்பலாம், எண்ணிக்கைக்கும் பயன் உண்டு. அதில் ஒவ்வொருவரும் தன் கையால் இரண்டு வரி சேர்த்தால் அது தனி ஆட்சேபம் ஆகிறது. நேரில் கொண்டுபோய் நகலில் சாப் (முத்திரை) அடித்து வாங்குவதே சிறந்தது. மின்னஞ்சலை அதற்கு மேல் காப்பாக வையுங்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

விசாரணை முடிந்த பிறகு

இங்கேதான் பலரும் ஓய்ந்துவிடுகிறார்கள். கோல லங்காட் உத்தாரா காட்டைப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது, 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் போயின. அப்படியிருந்தும் 536.7 ஹெக்டேர் நீக்கப்பட்டுவிட்டது என்பது 2021 ஆகஸ்ட் இறுதியில்தான் வெளியே தெரிந்தது. மக்கள் விடாமல் கேட்டதால் செப்டம்பர் 8-ஆம் தேதி மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. புக்கிட் செராக்காவில் 2022 மே மாதம் வந்த அரசிதழ், 406.22 ஹெக்டேரை 2000-ஆம் ஆண்டு நவம்பர் முதல் முன்தேதியிட்டு நீக்கியது.

எனவே மாதம் ஒருமுறை மாநில அரசிதழைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். நீதிமன்றத்தில் நீதிச் சீராய்வு கேட்க மூன்று மாதம்தான் அவகாசம். அரசிதழ் வந்து ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் காலதாமதத்துக்கே முதலில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

பிற்சேர்க்கை 1: "காட்டுக்கு அறிவிப்பே வரவில்லை, ஆனால் உள்ளூர்த் திட்ட வரைவில் நிறம் (நிலப் பயன்பாட்டைக் காட்டுவது) மாறியிருக்கிறது" என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) கீழ் வரைவு பொதுப்பார்வைக்கு வைக்கப்படும்போது அதற்குத் தனி ஆட்சேபம் போட வேண்டும், குறைந்தது நான்கு வாரம் அவகாசம் உண்டு. காடு பச்சையிலிருந்து வேறு நிறமாவதைப் பார்த்தும் விட்டுவிட்டால், பிறகு வரும் நீக்க அறிவிப்பில் "திட்டத்தில் ஏற்கெனவே உள்ளதுதான்" என்பார்கள்.

பிற்சேர்க்கை 2, பினாங்கு வாசகர்களுக்கு: அங்கே 76 மீட்டருக்கு மேற்பட்ட மலைநிலமும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவும்தான் வாதத்தின் மையம். உயரத்தை எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த உயர) தரவில் எடுக்காதீர்கள். அந்த ரேடார் பெரும்பாலும் மர உச்சிக்கு அருகேயே திரும்பிவிடுவதால் காட்டுமலை நிஜத்தைவிட உயரமாகக் காட்டும். 70 மீட்டர் நிலம் 85 ஆகத் தெரியலாம். நில அளவை வரைபடத்தின் சமவுயரக் கோடுகளையே எடுத்து, எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்றும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.