தொழில் பயிற்சிக்கு அரசு தரும் பணம்: யார் எதில் சேரலாம், எப்படி வாங்குவது

போன வருடம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். ஏ.சி. மெக்கானிக் கோர்ஸ், ஆறு மாதம், 18,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம். மேலே ஏதோ அரசு முத்திரை மாதிரி ஒரு படம், ஓரத்தில் மினுமினுக்கிற ஸ்டிக்கர், கீழே அந்தப் பயிற்சி மையத்தை நடத்துகிறவரின் கையெழுத்து. கம்பெனியில் உதவித்தொகையோடு தொழில் பழகும் அப்ரண்டிஸ் வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது தேசிய தொழிற்சான்றிதழ் விவரத்தைக் கேட்டது படிவம், அவனிடம் எழுத ஒன்றும் இல்லை. இதே தொழிலை ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில், அதுவும் அரசு நிலையத்தில், படித்திருந்தால் இரண்டு வருடம் ஆகியிருக்கும், உண்மைதான். ஆனால் கட்டணம் என்று ஏதும் பெரிதாகக் கட்டியிருக்க மாட்டான், மாதாமாதம் அவன் கணக்கில் பணம் ஏறியிருக்கும், முடிவில் இந்தியா முழுக்கச் செல்லும் ஒரு சான்றிதழும் கையில் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து யார் கோர்ஸில் சேரப் போகிறேன் என்றாலும் இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? உதவித்தொகை உண்டென்றால் அது யார் கணக்கில் விழும்? இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டவே கட்டாதீர்கள்.

சான்றிதழ் இரண்டு வகை. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு வருவது என்.டி.சி. எனப்படும் தேசிய தொழிற்சான்றிதழ், ஒன்றிய அரசின் பயிற்சி இயக்குநரகம் நடத்தும் அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறினால் கிடைப்பது. குறுகிய காலப் பயிற்சிகளில், 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா போன்றவற்றில், அந்தந்தத் துறையின் திறன் குழுமம் மதிப்பீடு செய்து சான்றிதழ் தரும். அதில் பணியின் பெயரும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அது எத்தனையாவது நிலை என்பதும் அச்சாகியிருக்கும், க்யூஆர் கோடும் இருக்கும். சேர்வதற்கு முன்பே முந்தைய பேட்ச்சில் படித்த ஒருவருடைய சான்றிதழைக் காட்டச் சொல்லி, அந்தக் கோடை உங்கள் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். அரசு தளம் திறக்க வேண்டும். அந்த மையத்தின் சொந்த வெப்சைட் திறந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, யாருக்கு எது பொருந்தும்?

எட்டாவது, பத்தாவது அல்லது ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு முதல் வழி ஐ.டி.ஐ. தமிழ்நாட்டில் ஆண்கள் 14 முதல் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு சேரலாமா என்று தயங்குகிற அக்காக்கள் இதைக் கவனிக்க வேண்டும், சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடப்புத்தகம், சீருடை, காலணி, மிதிவண்டி, பஸ் பாஸ் என்று தனியாக உண்டு. இதோடு அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்ணாக இருந்தால் 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனாக இருந்தால் 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. இந்த இரண்டும் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஐ.டி.ஐ.க்கும் உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டு விவரத்தை ஏற்றச் சொல்லுங்கள். 750-ம் 1,000-மும் சேர்ந்தால் மாதம் 1,750, இரண்டு வருடப் படிப்பில் 40,000-ஐத் தாண்டும். வருகைப் பதிவைக் குறையவிடாதீர்கள், இறுதித் தேர்வு எழுதவே 80 சதவீதம் வேண்டும்.

எந்தத் தொழிற்பிரிவை எடுப்பது என்று கேட்டால் எனக்குத் தெரிந்து ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் எப்போதும் கைவிடாதவை. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்திருக்கிறார்கள், ரோபாட்டிக்ஸ், சி.என்.சி., மின்வாகனம் போன்ற பிரிவுகள் அவற்றில் வந்திருக்கின்றன. உங்கள் மாவட்டத்து ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் இருந்தால் நேரில் போய் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விண்ணப்பம் கோடையில் ஆன்லைனில் திறக்கும். இணைய வசதி இல்லையென்றால் ஐ.டி.ஐ.க்களிலேயே உதவி மையம் வைத்து ஏற்றிக் கொடுப்பார்கள், கட்டணம் 50 ரூபாய். இதற்கு 500 ரூபாய் கேட்கிற பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்கத் தேவையில்லை.

ஐ.டி.ஐ. முடிந்ததும் பெரும்பாலானோர் நேராக ஏதோ ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபராகப் போய்விடுகிறார்கள். இன்னும் ஒரு வருடம் ஒதுக்கி அப்ரண்டிஸ் முடிப்பது எவ்வளவு தூரம் பயன்படும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது, முடித்தால் என்.ஏ.சி. என்று இன்னொரு தேசியச் சான்றிதழ். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. ரயில்வேயில் முடித்தவர்களுக்கு லெவல் 1 எனும் ஆரம்ப நிலைப் பணிகளின் நேரடி நியமனங்களில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஐ.சி.எஃப். அப்ரண்டிஸுக்குத் தேர்வு கிடையாது, மதிப்பெண் வரிசைதான். அதனால் பத்தாவது மதிப்பெண்ணை அலட்சியமாக நினைக்காதீர்கள்.

பணக் கணக்கு இப்படி. 2019-ல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இது அடித்தளம்தான், கம்பெனி கூடத் தரலாம், குறைக்க முடியாது. ஐ.டி.ஐ. தரப்பில் என்.ஏ.பி.எஸ். எனும் தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாயை, ஒன்றிய அரசு தரும். டிப்ளமோ, டிகிரிக்கு என்.ஏ.டி.எஸ். என்ற தனித் திட்டம், அதில் குறைந்தபட்சத் தொகையில் பாதி அரசுடையது. தென் மாநிலங்களுக்கு அதன் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. என்.ஏ.பி.எஸ்.ஸில் 2023-லிருந்து அரசின் பங்கு நேராகப் பயிற்சி பெறுகிறவர் கணக்குக்கே வருகிறது. அதாவது 7,000 ரூபாய் என்றால் கம்பெனி 5,500 போடும், மீதி 1,500 வேறொரு தேதியில் வரும். இது தெரியாமல், கம்பெனி 1,500-ஐப் பிடித்துக்கொண்டது என்று சண்டை போட்டவர்களும் உண்டு, அரசுப் பணம் வராமலே ஒரு வருடம் ஓட்டியவர்களும் உண்டு.

அப்ரண்டிஸ் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளும் எல்லா இடமும் சட்டப்படியான அப்ரண்டிஸ் இல்லை. ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகி, அதற்கு ஓர் எண் வந்து, உங்கள் லாகினில் அதை நீங்கள் திறந்து பார்க்க முடிய வேண்டும். முதல் மாதத்திலேயே கேளுங்கள். எண் இல்லையென்றால் முடிவில் சான்றிதழும் இருக்காது.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம், ஆனால் நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம். அரசு 1,500 ரூபாயைப் பகிர்ந்துகொள்ளும்போது பையன் ஒருவனுக்கு முறைப்படி தொழில் கற்றுக்கொடுத்துச் சான்றிதழும் வாங்கித் தரலாம்.

இப்போது வங்கிக் கணக்கு. நிறையப் பேருக்குப் பணம் நிற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "ஆதாரை பேங்க்கில் கொடுத்துட்டேனே" என்பார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுப்பது நீங்கள் யார் என்று சரிபார்க்கும் கே.ஒய்.சி.க்காக. அரசு அனுப்பும் நேரடிப் பணம், டி.பி.டி. என்பார்கள், கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்துப் போகிறது. அந்த ஆதாருக்கு, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ.யின் பட்டியலில் எந்த வங்கி பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் விழும், கடைசியாக எதை இணைத்தீர்களோ அது. சிம் கார்டு வாங்கியபோது கடைக்காரர் விரலை வைக்கச் சொல்லித் திறந்துவிட்ட பேமெண்ட்ஸ் பேங்க் கணக்காகக்கூட அது இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஏழு மாதப் பணம் அப்படியொரு கணக்கில் கிடந்தது, அந்தக் கணக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆதார் தளத்தில் உள்ளே போய் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தைப் பாருங்கள், போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டதும் எந்த வங்கி, செயலில் இருக்கிறதா என்று காட்டும். வேறு வங்கி காட்டினால் உங்கள் கிளைக்குப் போய் டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் செய்ய வேண்டும் என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள், அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. ஆதார் இணைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் ஏற்கெனவே இணைத்தாயிற்று என்று அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த தொல்லை இனிஷியல். மார்க் ஷீட்டில் "கார்த்திக் எம்", பாஸ்புக்கில் "எம் கார்த்திக்", ஆதாரில் அப்பா பெயரையும் விரித்து "கார்த்திக் முருகேசன்". நமக்கு மூன்றும் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பத்தாவது மார்க் ஷீட்டை மாற்றுவதுதான் மிகவும் கடினம், அதனால் அதில் உள்ளபடியே ஆதாரை மாற்றுங்கள், அப்புறம் வங்கி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், எனவே அக்கினாலெட்ஜ்மென்ட் சீட்டில் ஒவ்வொரு எழுத்தாக, இடைவெளி, புள்ளி உட்படப் படித்துப் பார்த்த பிறகே கிளம்புங்கள். சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்பாவது இதை முடித்துவிட வேண்டும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வழி. தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில் 15 முதல் 35 வயது வரை, பெண்களுக்கு 45 வரை, தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்துப் பயிற்சி தந்து வேலையிலும் சேர்த்துவிடுவார்கள். வேலையில் சேர்ந்த பிறகு சொந்த மாவட்டத்திலேயே என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் வேறு ஊர் என்றால் மூன்று மாதம், வெளிமாநிலம் என்றால் ஆறு மாதம், மாதம் 1,000 ரூபாய் கூடுதலாக வரும் என்பதை யாரும் சொல்வதில்லை, கேட்டு வாங்குங்கள். வீட்டில் நூறு நாள் வேலை அட்டையோ அம்மா சுயஉதவிக் குழுவிலோ இருந்தால் தகுதிக்கு அதுவே உதவும். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஆர்.செட்டி எனப்படும் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன, வங்கிகள் நடத்துபவை. தையல், டூவீலர் மெக்கானிக், சி.சி.டி.வி., கறவை மாடு என்று சில நாளிலிருந்து ஒன்றரை மாதம் வரை பயிற்சி, சாப்பாட்டோடு இலவசம், பிறகு கடன் வாங்கவும் கூடவே நிற்பார்கள். ஆதிதிராவிடர், பழங்குடி இளைஞர்கள் தாட்கோ என்ற அரசுக் கழகம் நடத்தும் இலவசப் பயிற்சிகளையும் பாருங்கள், விடுதிச் செலவையும் அவர்களே ஏற்கும் பயிற்சிகள் உண்டு.

கடைசியாக, பத்து வருடமாக வெல்டிங் ராடு பிடித்துக்கொண்டு, கையில் ஒரு காகிதமும் இல்லாமல் இருக்கிற அண்ணன்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இவர்கள் நிலைமைதான், இவர்களிடம் தொழில் கற்ற பையன் சான்றிதழ் வைத்திருப்பதால் இவர்களைவிடக் கூடுதல் சம்பளம் வாங்குவான். மறுபடி இரண்டு வருடம் படிக்க வேண்டியதில்லை. 21 வயதும் அந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவமும் இருந்தால் அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், அதே என்.டி.சி. கிடைக்கும். அனுபவச் சான்று வேலை செய்த இடத்திலிருந்து வாங்க வேண்டும். முதலில் முதல்நிலைத் தேர்வு ஒன்று, எழுத்தும் செய்முறையும் சேர்த்து, அதில் தேறினால் பிரதானத் தேர்வு. அறிவிப்பு வருடத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் பேப்பரில் மாவட்ட ஆட்சியர் பெயரில் இரண்டு பத்தியாக உள்பக்கத்தில் வரும், கண்ணில் படாமல் போய்விடும். அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள். தியரிக்குப் பயப்பட வேண்டாம், தினமும் செய்கிற வேலையின் பெயர்களும் அளவுகளும்தான், ஐ.டி.ஐ. பாடப்புத்தகம் தமிழிலேயே கிடைக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் ஆர்.பி.எல். என்ற முன்திறன் அங்கீகாரம் இருக்கிறது, சிறிய அறிமுகப் பயிற்சியும் ஒரு மதிப்பீடும் முடித்தால் திறன் குழுமச் சான்றிதழ். என்.டி.சி. அளவுக்கு எடை கிடையாது, ஆனால் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

எதிலாவது பணம் நின்றுபோனால் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலக உதவி இயக்குநருக்கு ஒரு மனு, ஒப்பந்த எண் அல்லது பதிவெண், ஆதார்–வங்கி இணைப்பு நிலையின் பிரிண்ட், பாஸ்புக்கின் கடைசிப் பக்க நகல் மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் அதே மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, அங்கே தரும் ரசீதில் உள்ள மனு எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.